பதினோரு ரூவா அன்னிக்கு போனு யாரு கையில இருந்துச்சு

அதான் சொல்றேம்மா, வர்றாராம். எங்க வூட்டு பெருசு காது குத்துக்கு வர்றாராம். நம்பலன்னா மொட்ட மாடியில போய் பாரு, வேட்டிக்குக் கஞ்சி போட்டு காய வெச்சிருக்கேன். அந்த வேட்டி பொட்டிய வுட்டு வெளிய வந்து எத்தினி வருசம் ஆவுது தெரியுமா. ஒக்காரு, இந்தக் கீரைய ஆய்ஞ்சிக்கிட்டே சொல்றேன். நீ இந்தத் தெருவுக்குப் புதுசா குடி வந்தவ, ஒனக்கு மொதலேர்ந்து சொல்லணும்.

எங்க வூட்டுக்காரரு மில்லுல இருந்தவரு. மில்லு மூடுனப்ப கையில கொஞ்சம் காசு குடுத்தாங்க. ஒரு பசு மாடு வாங்கலாம்னு நானு சொன்னேன். இந்த மூலக்குளத்துத் தெருவுல மாட்ட எங்கடி கட்டுறது, ஒன் கட்டில் கால்லயான்னு கேட்டாரு. அப்ப நம்ம தெருக் கோடியில ஒரு சொல்தா இருந்தாரு. சொல்தான்னா பிரான்சு பட்டாளத்துல இருந்தவங்க, மாசம் பொறந்தா அங்கேர்ந்து பென்சன் வந்துடும். சாயங்காலம் ஆனா வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்து, நாயிக்கு பிஸ்கோத்து போடுவாரு. அதுவும் சும்மா பிஸ்கோத்து இல்ல, நடுவுல க்ரீம் வெச்சது. அந்த நாயும் க்ரீம மட்டும் நக்கிட்டு மிச்சத்த வுட்டுட்டுப் போவும். அதப் பாத்துப் பாத்து இவருக்கு வயிறு எரிஞ்சிப் போச்சு. நமக்கும் ஒக்காந்த எடத்துல காசு வரணும்னு சொல்லி ஷேர் வாங்கிட்டாரு.

ஏதோ கம்பி இழுக்குற கம்பெனியாம். ஒரு ஷேரு ரெண்டு ரூவா. பெரிய கம்பெனி ஷேரு ஒண்ணு வாங்குற காசுக்கு இது மூட்ட மூட்டயா வரும்னாரு. மூட்ட வருதுன்னா வெக்கிறதுக்கு எடம் வேணாமா, நானு பரண ஒழிச்சி சுத்தம் பண்ணி வெச்சேன். ஒண்ணும் வரல. கேட்டா எல்லாம் போனுக்குள்ளயே இருக்குதுன்றாரு.

அந்தப் போனுல ஒரு கோடு ஓடும். எனக்கு எழுத்து தெரியாது, பச்ச செவப்பு தெரியும். பச்சயா இருந்தா அன்னிக்கு கொழம்பு நல்லாயிருக்கும். செவப்பா இருந்தா உப்பு கம்மி. இத்தினிக்கும் ஒரே சட்டி கொழம்புதான், காலையில நல்லாயிருந்தது மத்தியானத்துல எப்புடி கெடும், சொல்லு.

அதுல பழைய வெலையெல்லாம் போட்ட ஒரு பக்கம் இருக்குதும்மா. எந்தத் தேதியில என்னா வெல வித்துச்சுன்னு வரிசையா போட்டிருப்பான். ஒலகத்துல எல்லாரும் நாளைக்கு என்னா ஆவும்னு பாப்பாங்க, இவரு முடிஞ்சிப் போன நாளையே பாப்பாரு. ஏன்னா அதுல ஒரு நாளு அந்த ஷேரு பதினோரு ரூவாய்க்குப் போயிருக்குது. அந்த ஒரே நாளுதான். மறுநாள்லேர்ந்து இவரு விக்கிறேன் விக்கிறேன்னு போன அழுத்துறாரு, அந்த வெலைக்கு வாங்க ஒரு ஈ காக்கா இல்ல. தெனமும் எறங்கி எறங்கி இப்ப ஒரு ரூவாய்க்கும் கீழ கெடக்குது. ஒரு ஷேர வித்தா கடக்காரன் ஒரு முட்டாயி குடுப்பான், அதுவும் யோசிச்சிதான் குடுப்பான்.

சரி, அந்தப் பதினோரு ரூவா நாளு எந்த நாளுன்னு நெனக்கிற. முதலியார்பேட்டையில இருக்கான் பாரு எந்தம்பி, அவம் பேரனுக்குக் காது குத்துன நாளு. பாகூர் பக்கம் அவங்க கொலதெய்வம் கோயில்ல, கெடா வெட்டி, எல சாப்பாடு. எந்தம்பி போனுல சார்ஜு இல்லன்னு இவரு போன வாங்கி வெச்சிக்கிட்டான். கொழந்தைக்கு மொட்ட அடிக்கிறத எடுத்தான், காது குத்துறத எடுத்தான், கெடா தலையாட்டுறத எடுத்தான், பூசாரிக்குக் கொட்டாவி வந்ததக் கூட எடுத்தான். சாயங்காலம்தான் போனு கைக்கு வந்துச்சு. தொறந்து பாத்தா பதினோரு ரூவா. ஷேர் மார்க்கெட்ட மூடிட்டு எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்க.

அன்னியோட சரி. எந்தம்பி வூட்டு வாசப்படிய மிதிக்கல. அவங்கிட்ட காரணமும் சொல்லல. எங்கிட்டதான் எல்லாம். ஒன் தம்பி எனக்கு ஒரு மாடி வூடு கடன்பட்டிருக்கான்டின்னுவாரு. தல வலிச்சாலும் எந்தம்பி, மழ ஒழுவுனாலும் எந்தம்பி. டீக்கடையில கேளு, பதினோரு ரூவா கதையத் தெரியாதவங்க இல்ல.

இப்ப போன வாரம் தம்பி வந்தான், பேத்திக்குக் காது குத்துன்னு சொல்ல. கையில எறாலு. பெரிய மார்க்கெட்டுக்குப் போனா எங்களுக்கு ஒரு பங்கு எறாலு வாங்காம வரமாட்டான். ஒக்காரக்கூட இல்ல, நின்னுக்கிட்டே சொல்றான்:

"யக்கா, இந்த வாட்டி மாமா வரணும். எம் மொவளோட மாமியா கேட்டுக்கிட்டே இருக்குது, ஒங்க அக்கா வூட்டுக்காரரு எங்க, எங்கன்னு. மூட்டு வலின்னு எத்தினி நாளைக்கு சொல்றது. போன வாரம் மாமா சைக்கிள்ல போறத அதுவே பாத்துருக்குது."

உள்ளேர்ந்து இவரு சத்தம் குடுக்குறாரு, "அன்னிக்கு வேல நாளு. ஷேர் மார்க்கெட்டு தொறந்திருக்கும்."

தம்பி மொகம் சுண்டிப் போச்சு. எனக்குக் கூடப் பொறந்தது அவன் ஒருத்தந்தாம்மா. தட்டுல சீர வெச்சிக்கிட்டு நானு மட்டும் தனியாப் போயி நின்னா, சம்மந்தி வூட்டு சனம் சீரப் பாக்குமா, எம் பக்கத்துல இருக்குற காலி எடத்தப் பாக்குமா.

சாயங்காலம் மருமவ வந்துச்சு. நகக்கடையில பில்லு போடுது, நம்பருன்னா அதுக்குத் தண்ணி பட்ட பாடு. யம்மா, அந்தப் பதினோரு ரூவாய எனக்கும் ஒரு வாட்டி காட்டு, எந்தப் பாவத்துக்கு இத்தினி வருசமா பேச்சு வாங்குறேன்னு நானும் பாக்குறேன்னேன். இவரு ஒடனே போன நீட்டுனாரு. செத்துப் போன பணக்கார சொந்தத்தோட போட்டாவக் காட்டுற மாதிரி ஒரு பெரும மூஞ்சில.

அது வாங்கிப் பாத்துட்டு, "மாமா, இத எப்பவும் நிக்க வெச்சிதான் பாப்பீங்களா"ன்னு கேட்டுது.

"போன வேற எப்புடி வெப்பாங்க?"

"படுக்கப் போட்டுப் பாக்குறதில்லயா?"

"நீ வேற, அதுக்கு என்னா தூக்கமா வருது?"

மருமவ போன அப்புடியே சாய்ச்சி படுக்க வெச்சிது பாரு, பக்கத்துல இன்னும் ரெண்டு வரிச நம்பரு வந்து நின்னுச்சு. எத்தினி வருசமா பாக்குறாரு, அந்த ரெண்டு வரிச அவரு கண்ணுலயே படல. நானும் எட்டிப் பாத்தேன். ஒரு வரிசையில எல்லா நம்பரும் எறும்பு சாரியாட்டம் நீளமா இருக்குது, ஒண்ணே ஒண்ணு மட்டும் குட்டையா நிக்குது.

"அது ஏம்மா வளராமப் போச்சு"ன்னு கேட்டேன்.

மருமவ வாயப் பொத்திக்கிச்சு. சிரிப்ப அடக்கிட்டு சொல்லுது, "அத்த, அந்தந்த நாளு எத்தினி ஷேரு கை மாறுச்சுன்றதுதான் இந்த வரிச. குட்டையா இருக்குதே, அதான் பதினோரு ரூவா நாளு. மாமா, ஒங்க கிட்ட எவ்ளோ ஷேரு இருக்குது?"

"அஞ்சாயிரம்."

"அன்னிக்கு ஊரு ஒலகம் பூரா வித்ததே அம்பதுதான் மாமா."

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. திருப்பிப் போட்டுக்கிட்டுப் பாத்தாரு. தப்பாப் போட்டிருப்பான்னாரு. நானு வுடல. "யோவ், மழ நாள்ல பெரிய மார்க்கெட்ல ஒரே ஒரு வஞ்சிரம் கெடந்தா, வூட்டுல மாப்ள வந்து ஒக்காந்திருக்கான்னு ஒருத்தன் சொன்ன வெலையக் குடுத்துத் தூக்கிட்டுப் போவான். பின்னாடியே நீ லாரி நெறைய மீனக் கொண்டாந்து எறக்கி, எல்லாத்தையும் அந்த வெலைக்கே எடுன்னா எவன் எடுப்பான்?"

"அந்த அம்பதையாவது வித்திருப்பேன் இல்ல."

"ஐநூத்தி அம்பது ரூவா மாமா," மருமவ சொல்லுது.

"அன்னிக்கு நீ தின்ன கறிக்கு அது சரியாப் போச்சு போ"ன்னேன்.

எனக்கு ஒரே குஷி. எந்தம்பி மேல இருந்த பழி போச்சு, எம் மேல இருந்ததும் போச்சு. ஆனா இவரப் பாக்கத்தான் ஒரு மாதிரியா ஆயிடுச்சு. ராத்திரி சரியா சாப்பிடல. காலையில டீக்கடைக்குப் போவல. அப்பறந்தான் எனக்குப் புரிஞ்சிது. பதினோரு ரூவாய வுட்டவருன்னா பெஞ்சில நவுந்து எடம் குடுப்பாங்க. ஒண்ணையுமே வுடலன்னா, இவரு வெறுமன முட்டாயி வெல ஷேரு வெச்சிருக்குற ஆளுதான. இருந்த ஒரே சொத்து அந்த நட்டந்தான், அதையும் புடுங்கிட்டோம்.

நானு காப்பிய வெச்சிட்டு மெதுவா சொன்னேன், "டீக்கடையில எவன் போன படுக்கப் போட்டுப் பாக்கப் போறான். நீ பாட்டுக்கு பழைய மாதிரியே சொல்லு. நானு வாயத் தொறக்கமாட்டேன்." நிமிந்து பாத்தாரு. மருமவளும் சொல்லாது இல்லன்னு கேட்டாரு. சொல்லாதுன்னேன். காப்பிக்கு சக்கர சரியா இருக்குதுன்னாரு. அன்னிக்கு கோடு செவப்பு, தெரியுமா.

ஒடனே தம்பிக்கு போனு. பெரிய மனுசனாட்டம் தொண்டயக் கனைச்சிக்கிட்டு, "மச்சான், ஒன்ன மன்னிச்சிட்டேன்"னாரு.

அந்தாண்ட அவன், "ரொம்ப சந்தோசம் மாமா. அன்னிக்கு பந்தியில ஒங்க எலைக்கு வெறும் எலும்பா வுழுந்துது, நா அப்பவே பாத்தேன். பரிமாறுனவன அன்னிக்கே திட்டிட்டேன்"ன்றான்.

பாவி, இத்தினி வருசமா அதுதான் கோவம்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்கான். அதுக்குத்தான் அந்த எறாலெல்லாம். இவரும் என்னப் பாத்தாரு, நானும் அவரப் பாத்தேன். "ஆமா, எலும்புதான். சரி வுடு"ன்னு வெச்சிட்டாரு. இனிமே கோவம் இல்லன்னு ஆயிடுச்சு, எறாலு வருமோ வராதோ. இன்னும் கொஞ்ச நாளு பொறுத்து மன்னிச்சிருக்கலாம்னு அவருக்கே இப்ப தோணுது. அதுல பாரு, இந்த வாட்டி எலையில...

ஏம்மா, எம் மேல ஒரு சொட்டு வுழுந்துது. ஒம் மேல? ஐயோ, தூறுது, மாடியில வேட்டி. அந்தக் கீரைய உள்ள தள்ளிட்டு வா, அந்த முனைய நீ புடி.