வெள்ளைக் கதவு

நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி நீர்வண்ண ஓவியன், குனிந்து வரைந்தே லேசாகக் கூன் விழுந்தவன். புல்வெளி, ஆடுகள், குளம், மேகம்; வேறெதையும் அவன் வரைந்ததில்லை. போன மழைக்காலத்தில், வரைந்துகொண்டிருந்த இடத்திலேயே குளத்தில் விழுந்து இறந்தான். கரை வழுக்கியது, அவ்வளவுதான். ஆனால் ஊர்வாய் சும்மா இருக்குமா? தானாகவே இறங்கிவிட்டான் என்றார்கள்.

அவனுடைய கடைசிப் படத்தைக் கண்காட்சியில் மாட்டினார்கள். திறப்பு விழாவன்று மதியமே போய்விட்டேன். புல்வெளியைச் சுற்றி வேலி. வேலியில் ஒரு கதவு திறந்து கிடந்தது. அந்த இடைவெளி முழுக்கக் கரும்பழுப்பு. கீழே ஓர் அட்டை: ‘இருண்ட மேகம், முதுகு காட்டும் ஆடுகள், திறந்த கதவு. உயிரை விடத் துணிந்த ஓவியனின் விடைபெறல்.’

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“இதை எடுங்க” என்றேன் பொறுப்பாளரிடம்.

“அம்மா, இதெல்லாம் குறியீடு. படமே சொல்லுதே.”

“ஆடு முதுகைக் காட்டினா சாரல் அடிக்குதுன்னு அர்த்தம். நீங்க ஆட்டை நேர்ல பார்த்திருக்கீங்களா?”

“கதவு திறந்திருக்கே?”

“சின்ன வயசுலேர்ந்து எந்தக் கதவை அவன் மூடினான்? கத்திக் கத்தி எனக்குத்தான் தொண்டை போச்சு.”

அவர் சிரித்தார். “அட்டை அச்சாயிடுச்சும்மா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நாற்காலியை இழுத்துப் படத்தின் எதிரே போட்டு உட்கார்ந்தேன். அட்டை போகாமல் நான் போவதாக இல்லை. கூடத்தில் வேறு யாருமில்லை. வெளியே சுள்ளென்று வெயில்.

மூன்று மணி இருக்கும். ஈரப் புல்லின் வாசனை வந்தது.

சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன...

படத்தின் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. விரலால் துடைத்தேன். போகவில்லை. ஈரம் உள்பக்கம்.

எங்கோ ஓர் ஆடு கத்தியது. தூரத்தில்... பிறகு, பக்கத்தில்.

எழுந்தேன், ஓடுவதற்கு அல்ல. கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நின்றேன்.

“டேய், ஊரே உன்னை ஏதேதோ சொல்லுது. கதவை இப்படியா திறந்து போட்டுட்டுப் போவ? வந்து மூடு.”

தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

“மூடுடா.”

கிரீச்...

டக்.

கண்ணாடி தெளிந்தது. படத்தில் கதவு மூடியிருந்தது. வெள்ளைக் கதவு.

திரும்பி வந்த பொறுப்பாளருக்கு முகம் வெளிறிப்போனது. அவர் கையிலிருந்த விளம்பரத் தாளில் அதே படம், அதே கதவு, இன்னும் திறந்தே கிடந்தது. படங்களுக்குச் சட்டம் போடுபவரை வரவழைத்தார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“நீர்வண்ணத்துல வெள்ளை பூசறது இல்ல. பூசாம விட்ட தாள்தான் வெள்ளை. ஒரு தடவை கருஞ்சாயம் ஏறிட்டா இந்த வெளுப்பு திரும்பாது. ஆனா இந்தக் கதவுல... சாயம் பட்டதே இல்ல. சுரண்டவும் இல்ல.”

பூதக்கண்ணாடியைச் சற்றே நகர்த்தினார்.

“கதவுக்கு உள்பக்கம் நிக்கிற ரெண்டு பேரும் அப்படித்தான், வெறும் தாள். ஒருத்தர் ஆம்பளை, லேசாக் கூன். தடியை ஊனி நிமிர்ந்து நிக்கிறது யாரும்மா?”

அதுவரை நான் அதைப் பார்க்கவில்லை.

பொறுப்பாளர் என் கைத்தடியைப் பார்த்தார். குனிந்து, தன் கையாலேயே அட்டையைப் பிய்த்து எடுத்தார்.

“புதுசா... என்ன எழுதட்டும்மா?”

“அக்காவும் தம்பியும்னு எழுதுங்க” என்றேன்.