பச்சை ஜெனரேட்டர், நீல ஜெனரேட்டர்

கரண்ட் இருக்கும்வரை ஜெனரேட்டர்காரன் முகம் யாருக்கும் ஞாபகம் வராது. போன அடுத்த நிமிடம் அவன் நம்பரைத் தேடாத ஆள் கிடையாது. பனியன் நனைய, செய்தித்தாளால் விசிறிக்கொண்டு, "எப்பங்க வரும்?" என்று வாசலில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் என் பிழைப்பைப் பற்றி உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிதம்பரத்தில் ஷெட். கடலூர் முதல் காட்டுமன்னார்கோயில் வரை குட்டியானை வண்டியில் ஏற்றிப்போய் வாடகைக்கு ஓட்டுகிறேன். ஜெனரேட்டர் என்றால் இயக்கத்தை மின்சாரமாக மாற்றும் கருவி என்று என் மகள் பள்ளிக்கூடத்துக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சரியான அர்த்தம்தான். ஆனால் வாடகைக்கு எடுப்பவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள்.

மாதா தேருக்குப் பின்னால்

கடலூரில் ஒரு பங்குக் கோயில் திருவிழா. சீரியல் பல்பு கட்டிய மாதா தேர் முன்னால் போகும்; என் மிஷின் தள்ளுவண்டியில் உட்கார்ந்துகொண்டு, வயரை இழுத்தபடி பின்னால் போகும். நடுவில் ஜெபமாலை சொல்லும் பெண்கள். அதில் ஒரு அம்மா மூன்று முறை திரும்பிப் பார்த்து முறைத்தார். நான்காவது முறை, "ஒரு ஜெபம் காதுல வுழுவுதா? இத நிறுத்தித் தொலைய மாட்டியா?" என்றார். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். கேட்டுவிட்டீர்கள் அல்லவா என்று நிறுத்திவிட்டேன்.

தெரு விளக்கே இல்லாத சந்து அது. தேர் எங்கே, மாதா எங்கே என்று தெரியவில்லை. தூக்கி வந்தவர்களுக்குக் கால் தடுமாறியது. நான் அவசர அவசரமாகக் ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடியைத் தேடும்போது அதே அம்மாவின் குரல்தான் முதலில் வந்தது: "போடுப்பா, போடுப்பா! நாங்க சத்தமா சொல்லிக்கிறோம், மாதாவ இருட்டுல நிறுத்தாத!"

கோலத்தின் மேல் சாமந்தி

அப்போது என்னிடம் ஒரே மிஷின். காலையில் ஒரு சாவு வீட்டில் ஐஸ் பெட்டிக்கு ஓடியது. சாயங்காலம் சிதம்பரத்தில் டெய்லர் கடை வசந்தா அக்காவின் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். நேரமாகிவிட்டதே என்று சாவு வீட்டிலிருந்து நேராக அங்கே போய் இறக்கினேன். தார்ப்பாயை உதறாமல் கொண்டுபோனது என் மடத்தனம். பிரித்ததும் வாடிய சாமந்தி இதழ்கள் கோலத்தின் மேல் கொட்டின. மடிப்பிலிருந்து பாதி எரிந்த ஊதுவத்திக் கட்டு ஒன்றும் விழுந்தது.

எங்கிருந்து வருகிறாய் என்று அக்கா கேட்டார். நான் குனிந்து இதழ்களை அவசரமாக அள்ளினேன். அவருக்கு அது போதும். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் நேரம், கரண்டும் இல்லை. ஆனாலும் சொன்னார்: "எடத்த காலி பண்ணு தம்பி. எம்பொண்ணு இருட்டுல வேணா உக்காருவா, அந்த வூட்டு வெளக்குல உக்கார மாட்டா."

குமராட்சிப் பக்கம் ஒரு வீடு

அன்று பட்ட அவமானத்தில் இரண்டாவது மிஷின் வாங்கினேன். பச்சை பெயிண்ட் அடித்தது நல்ல காரியத்துக்கு, நீலம் அடித்தது சாவு வீட்டுக்கு. வருடக்கணக்கில் மாற்றியதே இல்லை. பிறகு ஒரு புயல் வந்தது. ஷெட்டில் தண்ணீர் புகுந்து பச்சை முழுக்க முங்கிவிட்டது. நீலம் வண்டியிலேயே இருந்ததால் தப்பித்தது. அதை ஏற்றிக்கொண்டு குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் இறந்திருந்தார். ஒரே மகள் சிங்கப்பூரில் இருந்து கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது. பங்காளிகள், "எத்தினி நேரம் வெச்சிருக்கறது, எடுத்துடலாம்" என்று நச்சரித்தார்கள். அக்கா, "அவ வந்து மொகத்த பாக்கணும்" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

ஐஸ் பெட்டிக்குள் அந்த முகம் என் மிஷினை நம்பித்தான் இருந்தது. தெரு முழுக்க போனைக் கொண்டுவந்து சார்ஜ் போட்டார்கள். அதில்தான் மகள் எங்கே வருகிறாள் என்ற செய்தியும் வந்தது. ஆயில் பார்க்க அவ்வப்போது நிறுத்தியே ஆகவேண்டும். பெட்டி மூடியிருந்தால் குளிர் கொஞ்ச நேரம் நிற்கும் என்று சொல்லித்தான் நிறுத்துவேன். அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "நீ நிறுத்தறப்பல்லாம் அவுரு மறுபடியும் போற மாதிரி இருக்குது தம்பி" என்றார். அதற்குப் பிறகு ஆயில் கேனைத் திறந்து கையில் வைத்துக்கொண்டுதான் மிஷினை நிறுத்தினேன்.

மறுநாள் மத்தியானம் மகள் வந்தாள். பைக்கும் வர முடியாத இடத்திலிருந்து சூட்கேஸைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்தே வந்திருக்கிறாள். கண்ணாடி மேல் கையை வைத்து, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி எடுத்துவிடுவார்கள் என்று நான் எழுந்து மிஷின் பக்கம் போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள்: "அண்ணே, இன்னும் செத்த நேரம் ஓடட்டும். நான் இப்பதான வந்தேன்."

அரை டப்பா பெயிண்ட்

இரண்டு நாள் கழித்து வசந்தா அக்காவின் சின்ன மகளுக்குக் கல்யாணம். பச்சை மிஷினைத்தான் சொல்லிவைத்திருந்தார்கள். சின்ன மண்டபம், கரண்ட் வந்தபாடில்லை, ஊரில் வேறு ஜெனரேட்டர் எதுவும் சும்மா இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்த்தால், என் ஷெட்டில் அரை டப்பா பச்சை பெயிண்ட் இருந்தது. மூடியைத் திறந்தேன், பிரஷைக்கூட நனைத்துவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நீலத்தின் மேல் பிரஷை வைக்கும்போது அந்தப் பெண் கண்ணாடி மேல் கை வைத்து நின்றது நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு நாளை நானே அசிங்கம் என்று மூடி மறைப்பதுபோல் இருந்தது. மூடியைத் திரும்ப அழுத்திவிட்டு அக்காவுக்கு போன் போட்டேன்.

பச்சை முங்கிப்போனது, நீலம் சாவு வீட்டிலிருந்து வந்தது, சிங்கப்பூரிலிருந்து மகள் வந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். அக்காவும் இன்னும் ஒரு நாளில் ஒரு மகளை அனுப்பப்போகிறவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்தப் பொண்ணு வந்து அப்பா மொகத்த பாத்துச்சா?" என்று கேட்டார்.

"பாத்துச்சுக்கா."

"அப்ப அது நல்ல மிஷின்தான், எடுத்தாந்து எம்பொண்ணு மணவறைக்குப் பின்னாலயே வையி."

முங்கிய பச்சையைச் சரிசெய்து அதற்கும் நீலம் அடித்துவிட்டேன்; இப்போது என் மிஷின் இரண்டுக்கும் ஒரே நிறம்தான். எது எங்கே போய் வந்தது என்று யாராவது கேட்டால் மறந்துவிட்டது என்கிறேன், ஆனால் தார்ப்பாயை மட்டும் இரண்டு முறை உதறிவிடுகிறேன்.