சீஃப்பின் தனி கிளாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, திருவானைக்காவலில் ஒரு ஃப்ளாட்டின் மூன்றாவது மாடியில், அடுத்தவர் கிளாஸை எடுத்து என் வாயில் வைத்தேன். தெரியாமல் இல்லை. வேண்டுமென்றே. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு.

‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் ஸ்ரீரங்கத்தில் பிறக்காதவர்கள். எங்கள் வீட்டில் தண்ணீரையே தூக்கித்தான் குடிப்போம். டம்ளர் உதட்டில் பட்டால் எச்சில். அறுபத்து மூன்று வருஷத்தில் பெண்டாட்டி குடித்த காப்பியின் மிச்சத்தைக்கூட நான் தொட்டதில்லை. அப்படிப்பட்ட என்னை அடுத்தவர் எச்சிலில் வாய் வைக்கச் செய்தது எது? ஆசையா? இல்லை சார்... சந்தேகம்.

என் சந்தேக புத்தி வழக்கமான வாசகர்களுக்குப் புதிதில்லை. இளநீர்க்காரர் தானாகவே “நல்ல வழுக்கை சார்” என்றால், கேட்காமலே ஏன் சொல்கிறார் என்று யோசிப்பேன். காப்பிப்பொடி கடையில் மெஷின் பக்கத்திலேயே நிற்பேன் — சிக்கரி எப்போது விழுகிறது, எவ்வளவு விழுகிறது என்று பார்க்க. இந்த புத்தியை வைத்துக்கொண்டு ஒருவன் விஸ்கி ருசிக்கப் போனால் என்ன ஆகும்?

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். மர்ச்சன்ட் நேவியில் சீஃப் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்களுக்கு அவர் வெறும் ‘சீஃப்’. மனைவி ஹைதராபாத்தில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்கிறார். சீஃப் இங்கே தனியாக, ஒரு கண்ணாடி அலமாரி நிறைய பாட்டில்களோடு. துறைமுகம் துறைமுகமாக வாங்கிச் சேர்த்தது. அத்தனையும் ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட். அதாவது, ஒரே டிஸ்டிலரியில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்துக் காய்ச்சியது. நாமும்தான் கேழ்வரகை முளைகட்டிக் கஞ்சி காய்ச்சுகிறோம். அவர்கள் அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் போட்டுவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பதினோரு மணி. ஏன் காலையில்? “ராத்திரி குடிக்கிறவன் மறக்கறதுக்குக் குடிக்கிறான் ஸ்ரீதர். ருசி தெரியணும்னா காலையில வரணும். நாக்கு அப்பதான் சுத்தமா இருக்கும்” என்பார். ஆளுக்கு இரண்டு ரவுண்டு, சின்ன அளவு. குடித்தவன் வண்டிச் சாவியைத் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நானும் சேவியர் சாரும் ஆட்டோவில் போய் ஆட்டோவில் வருவோம். சேவியர் சார் காலேஜில் ஃபிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். அவ்வளவுதான் சபை. மூன்றே பேர்.

முதல் நாள் நான் பழக்க தோஷத்தில் கிளாஸைத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டேன். அந்தக் கிளாஸுக்கோ வாய் குறுகல். பாதி வாயில், பாதி சட்டையில். சீஃப் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சார், இது தீர்த்தம் இல்ல! முதல்ல மூக்கு, அப்புறம்தான் நாக்கு. உதட்டுல பட்டு மெதுவா உள்ள போகணும்.”

அன்றைக்கு ஊற்றியது ஐலா தீவுச் சரக்கு. பீட் என்று ஒன்று — மண்ணுக்குள் மக்கிக் கட்டிப்போன புல்லும் பாசியும். அதை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறார்கள். பாட்டிலைத் திறந்தால் டிங்க்சர் வாசனை. அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போனேன்.

“என்ன இது, ஆஸ்பத்திரி வாசனை? எங்க போயிட்டு வந்தேள்?” என்றாள் மனைவி.

“வழியில லேசா இடறி விழுந்தேன். யாரோ டிங்க்சர் போட்டுவிட்டா” என்றேன்.

“காயம் எங்க? காட்டுங்கோ.”

இல்லாத காயத்தை எங்கே போய்த் தேடுவது? அன்றோடு அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சந்தேகம் என் குலச்சொத்து என்று நினைத்திருந்தேன். வாழ வந்தவளுக்கும் அதில் பங்கு உண்டென்று தெரிந்தது.

போகப் போகப் பழகிவிட்டது. கிளாஸை மூக்குக்குக் கொஞ்சம் கீழே பிடிக்க வேண்டும், வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்து பார்க்க வேண்டும், இங்க் ஃபில்லரால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டதும் வாசனை விரிகிறதே, அது நிஜம்தான். நானே சந்தேகப்பட்டு நாலு தரம் சோதித்துவிட்டேன். விழுங்கின பிறகு நாக்கில் தங்குகிற ருசிக்கு ‘ஃபினிஷ்’ என்று பெயர். என்ன வாசனை, சீஃப் பாஷையில் என்ன ‘நோட்’, என்பதில்தான் சண்டை. புத்தகத்தில் ஹெதர் பூ என்று போட்டிருக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்தவன் ஹெதர் பூவை எங்கே கண்டான்? சேவியர் சார், “காந்தி மார்க்கெட் வெல்ல மண்டி சார் இது, சத்தியமா” என்பார். நான், “இல்லவே இல்லை, அக்காரவடிசில் அடிப்பிடிச்சா வர வாசனை” என்பேன். சீஃப் கார்க்கை மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருவரையும் கேட்டுக்கொண்டிருப்பார். பெரிய ரசிகர் மாதிரி பாவலா பண்ணுகிறார் என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

சேவியர் சாருக்கும் ஒரு சட்டம் உண்டு: குடிக்காதவன் எதிரில் அவர் குடிக்க மாட்டார். ஒரு கல்யாண பார்ட்டியில் ஒருத்தர் வெறும் சோடாவோடு வந்து உட்கார்ந்தார் என்பதற்காக எழுந்தே போனவர். இது அவருக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. குடிப்பவனை ஊரே சந்தேகப்படும். குடிப்பவர்கள் குடிக்காதவனைச் சந்தேகப்படுவார்கள். மிக்சரைத் தின்றுகொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும் அந்த ஒருத்தர்... நாளைக்கு அவருக்கு எல்லாமே ஞாபகம் இருக்குமே!

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களாக சீஃப்பின் போக்கு சரியில்லை.

முன்பெல்லாம் மூன்று கிளாஸுக்கும் எங்கள் கண் முன்னாலேயே ஊற்றுவார். இப்போது எங்கள் இரண்டுக்கும் ஊற்றிவிட்டு, “என் கிளாஸ்ல சோப்பு வாசனை வருது, அலசிட்டு வரேன்” என்று சமையலறைக்குப் போகிறார். திரும்பி வரும்போது கிளாஸ் நிறைந்திருக்கிறது. பாட்டில் எங்கள் முன்னால், டேபிள் மேல் இருக்கிறது! அப்படியானால் உள்ளே ஊற்றியது எது?

இன்னொரு பாட்டில். வேறென்ன?

அவர் கிளாஸின் நிறமும் எங்களுடையதைவிட ஒரு படி கறுப்பு. ஷெர்ரி என்கிற ஒயின் இருந்த பீப்பாயில் நெடுநாள் கிடந்த சரக்குதான் அந்த நிறத்துக்கு வரும் — சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். எங்களுக்கு இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுகிறவர் தன் கிளாஸில் விடுவதில்லை. “முப்பது வருஷச் சரக்குக்குத் தண்ணி விடறது பாவம்” என்று சொன்னவரும் அவரேதான். கூட்டிப் பாருங்கள். எங்களுக்குப் பன்னிரண்டு வருஷம், அவருக்கு உள்ளே முப்பது வருஷமா? பந்தியில் உட்கார வைத்துவிட்டு ஓரவஞ்சனை பண்ணலாமா?

ஒருநாள் ஆட்டோவில் வரும்போது சேவியர் சாரிடம் பொருமித் தீர்த்தேன். “விடுங்க சார். அவர் வீடு, அவர் கிளாஸ்” என்றார். இந்த மனுஷனுக்குச் சூடு சொரணையே இல்லையா என்று அவர் மேலும் கோபம் வந்தது.

போன ஞாயிறு சந்தர்ப்பம் தானாக அமைந்தது. சீஃப்பின் கார் குறுக்கே நிற்பதால் ஒரு வேன் வெளியே போக முடியவில்லை, காரைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்று வாட்ச்மேன் வந்து நின்றார். சீஃப் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சேவியர் சாருக்கு மகளிடமிருந்து போன். பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனார். டேபிளில் நானும் சீஃப்பின் கிளாஸும்.

குடித்தவன் சாவியைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவர், சாவியோடு இறங்கிப் போகிறார். ஊரில் உள்ள அத்தனையையும் சந்தேகப்படுகிறவன் நான். அது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள்!

எடுத்தேன். முதலில் மூக்கு. ஏலக்காய்! ஷெர்ரி பீப்பாயில் ஏலக்காயா? முப்பது வருஷம் என்றால் சும்மாவா... என்று ஒரு வாய் நன்றாகவே இழுத்தேன்.

டீ.

பால் இல்லாத, ஆறிப்போன, ஏலக்காய் தட்டிப் போட்ட டீ.

“என்ன நோட் வருது ஸ்ரீதர்?”

வாசலில் சீஃப். கையில் சாவி. கோபமே இல்லை அவர் முகத்தில். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. கிளாஸை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை. அவரே வாங்கிக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பால்கனிப் பக்கம் ஒரு பார்வை. குரலை இறக்கிக்கொண்டார்.

“ஜனவரியில ஸ்கேன் எடுத்தாங்க. லிவர். இனிமே ஒரு சொட்டு கூடாதுன்னுட்டாங்க.”

“அப்ப இந்த பாட்டிலெல்லாம்...?”

“உங்களுக்குத்தான். வேற யாருக்கு? கார்க்கை மோந்துக்கறேன். அப்புறம் வெல்லமா, அடிப்பிடிச்ச அடிசிலான்னு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்களே... அதைக் கேட்டா எனக்குப் போதும். ருசி தெரிஞ்சிடுது.”

இன்னொரு தரம் பால்கனியைப் பார்த்துக்கொண்டார் சீஃப்.

“சேவியர் சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவர் பாலிசி தெரியுமே உங்களுக்கு? மறுபடி இந்தப் படி ஏற மாட்டார். அவர் வரலைன்னா நீங்களும் கொஞ்ச நாள்ல நின்னுடுவீங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமை போக மிச்ச நாள்ல இங்க காலிங் பெல் அடிக்கிறது கேஸ்காரன் மட்டும்தான்.”

சொல்ல மாட்டேன் என்றேன். வெட்கமாக இருந்தது. நல்ல சரக்கை ஒளித்து வைத்துக்கொண்டார் என்று எத்தனை நாள் மனசுக்குள் வைதிருக்கிறேன் இந்த மனுஷனை! இருக்கிற நல்லது அத்தனையையும் எங்களுக்கு ஊற்றிவிட்டு, ஆறின டீயோடு உட்கார்ந்திருக்கிறார். சேவியர் சார் பால்கனியிலிருந்து வந்தார். இரண்டாவது ரவுண்டு நடந்தது. அன்றைக்கு வெல்லம் என்றே நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை.

திங்கட்கிழமை பூராவும் பொறுத்தேன். செவ்வாய்க்கிழமை முடியவில்லை. சேவியர் சாருக்குப் போன் போட்டேன். அவருக்குச் சந்தேகம் ஏதும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சும்மா சுற்றி வளைத்து... “சார், இந்த சீஃப் கிளாஸ் இருக்கே...”

“டீதானே?” என்றார் சேவியர் சார்.



“உ...உங்களுக்கு எப்படி?”

“விஸ்கியைச் சுத்திவிட்டா கிளாஸ் உள்பக்கம் கோடு கோடா வழிஞ்சு இறங்கும் சார். முப்பது வருஷம் ஃபிசிக்ஸ் எடுத்திருக்கேன். அவர் கிளாஸ்ல கோடே இறங்கல. மார்ச்லயே தெரியும்.”

“அப்ப உங்க பாலிசி?”



“பாலிசியைக் கட்டிக்கிட்டு அழுதா, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நான் எங்க சார் போறது?” என்றார். “எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. கூச்சப்பட்டு நிறுத்திடுவார்.”

ஆக, இவருக்குத் தெரியக் கூடாதென்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியக் கூடாதென்று இவர் வாங்கியிருக்கிறார். நடுவில் நான். சொல்ல மாட்டேன் என்று இருவரிடமும் சத்தியம் செய்திருக்கிறேன். எழுதுவதைப் பற்றி இருவருமே ஒன்றும் கேட்கவில்லை.

பெயர்களை மாற்றிவிட்டேன். குடி உடல்நலத்துக்குக் கேடு என்று எடிட்டர் கீழே ஒரு வரி போடுவார். சீஃப்பின் ஸ்கேன் கதையைக் கேட்டவன் என்ற முறையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இருவருமே இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிப்பதாகச் சொல்கிறவர்கள். நிஜமாகவே படிக்கிறார்களா என்பது அடுத்த சபையில் தெரிந்துவிடும்.

படித்திருந்தால்... சீஃப், இனிமேல் சமையலறைக்குப் போகாதீங்க. டேபிளுக்கே ஃப்ளாஸ்க்கைக் கொண்டு வாங்க. டீயை மட்டும் ரெண்டு நிமிஷம் முன்னாடியே இறக்கிடுங்க — ஃபினிஷ் ரொம்பக் கசக்குது.