உபதேசியாரின் எபிரேயமும் ஒரு குதிர் ராகியும்

வெயில் ஏற ஏற, தானியம் கொட்டி வைக்கிற மண் குதிருக்குள்ளிருந்து ராகி வாசனை கிளம்பும்... எங்கள் ஜெபவீட்டின் வாசனையே அதுதான். வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது எத்தனை பெரிய வேதனை என்று என் அப்பாவுக்கு மட்டும் தெரியவே தெரியாது.

அப்பா சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் உபதேசியார். ஞாயிறு ஆராதனை நடத்துவார், மற்ற நாளில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தன் எபிரேய அகராதியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சும்மா போயிருக்கலாம். அன்றோடு எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று.

குழம்பில் உப்பில்லை என்றால் உப்புக்கு எபிரேயத்தில் என்ன என்று தேடுவார். "ஏனுங்க, அந்தப் பொஸ்தகத்துல உப்பு இருந்தா ஒரு சிட்டிகை எடுத்துப் போடுங்க" என்பாள் அம்மா.

எனக்கு அப்போது பத்து வயது. இரண்டாம் உலகச் சண்டைக் காலம். மழையும் இல்லை, கூலி வேலையும் இல்லை. கடையில் அரிசி கண்ணிலேயே படாது.

என் சிநேகிதி மார்த்தாவின் அப்பா பட்டாளத்துக்குப் போனவர், கடுதாசி இல்லை. அவள் புளியங்கொட்டையை வறுத்து மடியில் கட்டிக்கொண்டு வருவாள். நாள் முழுக்க அதைத்தான் மெல்லுவாள். எனக்கும் ஒன்று தருவாள்... வாங்கி மென்றிருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி தானியத்தை ஆண்டவருக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து ஜெபவீட்டுக் குதிரில் கொட்ட வேண்டும். அறுப்புப் பண்டிகையன்று ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் கூரைக்கு ஓடு மாற்றுவதாக ஏற்பாடு.

மார்த்தாவின் அம்மாவும் கொண்டுவந்து கொட்டுவார். அதுதான் எனக்குத் தாங்காது! வீட்டில் அடுப்பு எரிவதே இரண்டு நாளைக்கு ஒரு தரம். அதிலும் கைப்பிடி எடுத்து வைத்துவிடுவார். வேண்டாம் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. அப்பா ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொள்வார்.

அந்த வருஷம் பார்த்து அவருக்கு ஒரு வசனம் பிடித்துக்கொண்டது. பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிடு, அவர் ஆதரிப்பார் என்று வருகிற சங்கீதம். மூன்று ஞாயிறாக அதே வசனம். "ஆதரிப்பார் என்பது எபிரேயத்திலே கில்கேல். பஞ்சத்திலே யோசேப்பு தன் தகப்பன் வீட்டாருக்கு ஆகாரம் கொடுத்தானே, அங்கேயும் அதே வார்த்தை. காகங்கள் எலியாவைப் போஷித்ததே, அங்கேயும் அதே வார்த்தை..."

காகம் வரைக்கும் வந்தபோது மார்த்தா என் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அப்படியே மடியில் சரிந்து விழுந்தாள். கை சில்லென்று இருந்தது. நான் அலறிவிட்டேன்.

அம்மா வந்து அவளைத் தூக்கிப் பார்த்தாள். மடியிலிருந்த புளியங்கொட்டை பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது. அம்மா நிமிர்ந்தாள். சபை நடுவில் பெண்கள் வாய் திறக்காத காலம் அது.

"ஏனுங்க, அந்த வார்த்தைக்குச் சோறு போடறதுன்னு தானுங்க அர்த்தம் சொன்னீங்க?"

"ஆமாம். குறைவில்லாமல் போஷிப்பது..."

"அப்புறம் எதுக்குங்க குதிரு ரொம்பிக் கெடக்குது?"

"அது ஆண்டவருடைய பங்கு அல்லவா?"

"அவரு தானுங்க போடறவரு! அவரு பேரைச் சொல்லிப் பசிச்சவங்ககிட்ட வாங்கிப் பூட்டி வெக்கறது நாம!"

சொல்லிக்கொண்டே போய், குதிரின் அடித்துளையில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கினாள். ராகி சரசரவென்று அவள் முந்தானையில் கொட்டியது. அப்பாவின் வேலையே போய்விடும் என்று நினைத்தேன். அப்பா அகராதியை மூடினார். தோளிலிருந்த துண்டை எடுத்து, முந்தானையில் நிறைந்து வழிந்ததை ஏந்தினார். என் ஆயுளில் அவர் அப்படித் துண்டேந்தி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

எங்கிருந்தோ மாவரைக்க இரண்டு திரிகைகள் வந்தன. ஜெபவீட்டு வாசலிலேயே மூன்று கல்லை வைத்து அடுப்பு. முதல் கூழ் மார்த்தாவுக்கு. நாலு மடக்கு உள்ளே போனதும் கண்ணைத் திறந்து, "எம் புளியங்கொட்டை எங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கடைசியாக அப்பாவுக்கு ஊற்றப் போனபோது அவர் மெல்ல ஆரம்பித்தார். "அந்த வார்த்தையின் வேருக்கு, பாத்திரத்தில் கொள்ளுவது என்றும் ஒரு அர்த்தம்..."

"மொதல்ல அந்தக் கிண்ணத்த நீட்டுங்க" என்றாள் அம்மா.

மழை வரும்வரை ஞாயிறுதோறும் குதிர் திறந்தது. அந்த வருஷம் ஏலமும் இல்லை, ஓடும் இல்லை. நல்லவேளை, மேலிடத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. மழை வந்தபோது கூரை ஒழுகி அப்பாவின் அகராதி நனைந்ததுதான் மிச்சம்...

இப்போது எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அந்த ஜெபவீடு இருந்த இடத்தில் ஏசி போட்ட பெரிய கோயில். திரையில் எபிரேய எழுத்து கலர் கலராக வருகிறது. சபை வாட்ஸ்அப் குரூப்பில் தினம் காலையில் ஒரு வார்த்தைக்கு விளக்கம். நேற்று வந்தது எது தெரியுமா? கில்கேல். யோசேப்பு, காகம், எல்லாம் வரிசையாக அப்பா சொன்னபடியே. எரிச்சலில் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஒரு கேள்வி போட்டேன்... "குதிர் இப்போது எங்கே இருக்கிறது?"

வரிசையாகக் கும்பிடு பொம்மைதான் வந்தது.

மார்த்தா அந்த குரூப்பில் இல்லை. அவளுக்குக் கண் தெரியாது. நாமக்கல்லில் மகன் வீட்டில் இருக்கிறாள். தினமும் மதியம் ஒரு மணிக்குப் போன் வரும். விளக்கம் ஒன்றும் கிடையாது.

"ஏம்புள்ள, தின்னுட்டியா?"

இன்றைக்கும் கேட்டாள். ராகிக் களி தின்றேன் என்றேன். சும்மா சொல்கிறேனோ என்று அவளுக்குச் சந்தேகம்... என்ன குழம்பு என்று கேட்டாள்.