மிஸஸ் ஹார்லன் ஸ்ட்ரௌட்

ஹல்டா ஸ்ட்ரௌட்டின் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயிற்று என்று லைல் அதைச் சுற்றி மண்ணைத் தோண்டினான். வில்லோ ஃபோர்க் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். கல் ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. நெம்பித் தூக்கி ஈரத்துணியால் துடைத்தபோது, இன்று உயிரோடிருக்கும் யாரும் பார்த்திராத கடைசி வரி தெரிந்தது. உடனே ஆர்டித் கெம்பருக்குப் போன் போட்டான்.

"ஆர்டித், உன் பைத்தியக்காரி எந்த வருஷம் புள்ளைங்கள விட்டுட்டு ஓடினா?"

"ஆயிரத்தி எண்ணூத்தித் தொண்ணூத்தொண்ணு, ஜனவரி. ஏன் கேக்குற?"

"அப்ப செத்து மூணு வருஷம் கழிச்சு ஓடியிருக்கா. கெட்டிக்காரிதான் போ."

ஆர்டித் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் காரை எடுத்தாள்.

ஆர்டித் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவாள், பாட்டுக் குழுவில் நிற்பாள். கல்லறையில் இருக்கிற பெயரையும் பழைய வாரப் பத்திரிகையையும் சேர்த்துப் பார்த்து, இந்தப் புல்வெளியை முதலில் உழுதவர்களின் கதைகளை எடுத்து எழுதுவது அவளுக்குப் பிடித்த காரியம். வருஷா வருஷம் மே மாதம், கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாளில், சபையில் ஒரு கதையை வாசிப்பாள். போன வருஷம் வாசித்தது ஹல்டாவின் கதை.

பத்திரிகையில் இருந்தது இவ்வளவுதான். சில காலமாகப் புத்தி பேதலித்திருந்த மிஸஸ் ஹார்லன் ஸ்ட்ரௌட், பனிப்புயலுக்கு மறுநாள் இரவு உடையோடு வெளியில் அலைந்தபோது பிடிபட்டாள். வீட்டில் அடுப்பு அணைந்து கிடந்தது. தொட்டிலில் கைக்குழந்தை செத்திருந்தது. அவளை மனநோய் விடுதிக்கு அனுப்பினார்கள். கல்யாணமானவளுக்கு அந்தக் காலத்துப் பத்திரிகையில் சொந்தப் பெயர் கிடையாது. புருஷன் பெயருக்கு முன்னால் மிஸஸ் போட்டால் முடிந்தது. ஹார்லனுக்குப் பக்கத்தில் இருந்ததோ ஒரே ஒரு பெண்ணின் கல். வேறென்ன பார்க்க வேண்டும் என்று ஆர்டித் நினைத்துவிட்டாள்.

மூன்றாம் வரிசையில் வெர்னன் ஸ்ட்ரௌட் உட்கார்ந்திருந்தார். ஹல்டாவின் பேரன், எண்பத்தெட்டு வயசு. அவள் வாசித்து முடிக்கும் முன்பே தடியை ஊன்றி எழுந்து போனார். அதன் பிறகு ஹல்டாவுக்குப் பூ வைப்பதை நிறுத்தினார். புள்ளையைச் சாகவிட்டவள் பக்கத்தில் நான் படுக்க மாட்டேன் என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டு, மனைவி பிறந்த ஊரில் தனக்கு இடம் வாங்கிவிட்டார். அது காதில் விழுந்தபோது ஆர்டித்துக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் உண்மை உண்மைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

இப்போது அந்தக் கல்லின் முன் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தாள். பிப்ரவரி 1888. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், பதில் பேச முடியாத ஒருத்தியின் மேல் கொலைப்பழி போட்டிருக்கிறாள். அதுவும் தேவனுடைய வீட்டில் நின்றுகொண்டு.

நூலகத்தில் பழைய பத்திரிகைகள் படச்சுருளில் இருந்தன. சுற்றிக்கொண்டே போனாள். 1889இல் ஒரு வரி: மனைவியை இழந்த ஹார்லன் ஸ்ட்ரௌட், அயோவாவிலிருந்து மிஸ் லொவினா பெக் என்னும் பெண்ணை மணந்து அழைத்து வந்திருக்கிறார். பெண்ணுக்கு வயது பத்தொன்பது.

பிறகு அந்த ஜனவரி. போன வருஷம் இந்த இடத்தோடு சுருளை நிறுத்தியிருந்தாள். கதைக்கு இது போதும் என்று தோன்றியிருந்தது. இந்த முறை மேலும் சுற்றினாள். அடுத்த வாரத்து இதழில், பன்றி விலைக்கும் காணாமல்போன குதிரைக்கும் நடுவே, பொடி எழுத்தில் கிடந்தது. குழந்தை சளிக்காய்ச்சலில், புயலுக்கு முன்பே இறந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். நிலக்கரி வாங்கப் போன ஹார்லன் டவுனிலேயே மாட்டிக்கொண்டாராம். மூத்தாளின் ஐந்து வயசுப் பையன் தொழுவத்தில், பசுவை ஒட்டி, வைக்கோலுக்குள் உயிரோடு கிடைத்தானாம். அவன் மேல் ஒரு பெண்ணின் கோட்டும், கம்பளிக் காலுறைகளும் இருந்தனவாம்.

இரவு உடையோடு அலைந்தாள் என்று எழுதினார்களே, அவளுடைய கோட்டு எங்கே என்று யாராவது கேட்டார்களா? அன்றைக்கு அவர்கள் கேட்கவில்லை. போன வருஷம் ஆர்டித்தும் கேட்கவில்லை.

ஊர் அலுவலகத்து அடக்கப் பதிவில் 1904இல் ஒரு வரி இருந்தது. ஸ்ட்ரௌட், ஹா. மனைவி, விடுதியிலிருந்து வந்த உடல், வடக்கு வேலி. பெயர் இல்லை. அங்கே கல்லும் இல்லை. லைல் புல்வெட்டி வண்டியை நிறுத்துகிற இடம் அது.

வெர்னன் முதியோர் இல்லத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"யாரு, ஆர்டித்தா? வாம்மா வா. எங்க குடும்பத்துல இன்னும் யாரத் தோண்டி எடுத்திருக்க?"

நின்றபடியே சொன்னாள். "நான் தப்பா சொல்லிட்டேங்க. அது ஹல்டா இல்ல. அவங்க அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. பத்திரிகைல வந்தது உங்க தாத்தாவோட ரெண்டாவது சம்சாரம்."

வெர்னன் கண்ணை மூடினார். பிறகு பெரிதாக மூச்சு விட்டார். "ஆக, அந்தப் பைத்தியம் எங்க ரத்தம் இல்ல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அப்படியே கிளம்பியிருக்கலாம். அவர் முகம் அவ்வளவு தெளிந்திருந்தது. பையைக்கூடத் தோளில் மாட்டிவிட்டாள். ஆனால் ஒருத்தியைக் கழுவின அழுக்குத் தண்ணீரை இன்னொருத்தி தலையில் ஊற்றிவிட்டுப் போவதா? மறுபடி உட்கார்ந்தாள். கோட்டைப் பற்றிச் சொன்னாள்.

"அந்தப் பையன் உங்க அப்பாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்பா எங்களைப் பூ வைக்கக் கூட்டிட்டுப் போவாரு," என்றார் கடைசியில். "ஹல்டாவுக்கு வச்சிட்டு, தனியா வடக்கு வேலிப் பக்கம் போய் நிப்பாரு. ஒண்ணுக்குப் போறாருன்னு நாங்க சிரிப்போம்."

ஆர்டித் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சபை மடல்ல திருத்தம் போட்டுடறேங்க. கடைசிப் பக்கத்துல..."

"போன வருஷம் எங்க நின்னு படிச்ச?"

"பிரசங்க மேடைல."

"அங்கயே நின்னு படி. அவ பேரச் சொல்லிப் படி. மிஸஸ்னு எங்க தாத்தா பேரப் போட்டுச் சொல்லாத."

"சரிங்க. நீங்க... திரும்பவும் நம்ம தோட்டத்துலயே...?"

"அத நான் யோசிக்கணும். உன் பேச்ச நம்பித்தான ஒரு தடவ எடம் மாத்தினேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆர்டித் மேடையேறி லொவினா பெக்கின் கதையை வாசித்தாள். தன் தப்பையும் சேர்த்தே வாசித்தாள். யாரும் அழவில்லை, பல பேர் குனிந்துகொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் லைல் வெர்னனைச் சக்கர நாற்காலியில் வைத்து வடக்கு வேலிக்குத் தள்ளிப் போனான். புல்வெட்டியை முன்னமே அப்புறப்படுத்தியிருந்தான். கூட வரலாமா கூடாதா என்று தெரியாமல் ஆர்டித் பின்னால் நடந்தாள்.

வேலி நெடுகப் புல் ஒரே மட்டமாகக் கிடந்தது. வெர்னன் மடியில் பியோனிப் பூக்கள். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எந்த எடம்மா?"

ஏதாவது ஓரிடத்தைக் காட்டினால் அவர் நம்பிவிடுவார்.

"தெரியாதுங்க," என்றாள் ஆர்டித்.