தங்கை வீட்டுக் கூரையை அளக்கப் போனது

நிலக்கரிச் சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்ப்பவனை ஒரு ஓட்டு வீட்டை அளக்கச் சொன்னால் எப்படிப் போவான்? நான் ஆய்வுக்கு வரும் அதிகாரியைப் போலப் போனேன். முதல் ஷிப்ட் முடிந்ததும் மஞ்சள் ஹெல்மெட், ஒளிரும் பட்டை வைத்த ஜாக்கெட், நீளமான டேப் எல்லாவற்றோடும் வண்டியைக் கிளப்பினேன். ஏணியில் ஏறுபவன் ஹெல்மெட் போட வேண்டும் என்று டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆள் நான். எங்கள் குவார்ட்டர்ஸில் குழாய் சொட்டினால்கூட எழுதிக் கொடுத்துவிட்டு ஆள் வரும்வரை காத்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

தங்கையைக் கொடுத்திருப்பது சுரங்கத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், வளையமாதேவிக்குப் போகும் வழியில். வீட்டு ஓடு போன மழையிலேயே ஒழுகத் தொடங்கிவிட்டது. இந்த மழைக்கு முன்னால் கலர் ஷீட் போட்டுவிடுவது என்று முடிவாகி, மாப்பிள்ளை காலையிலேயே பண்ருட்டிக் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். நான் அளவைப் போனில் சொன்னால் அங்கே வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆசாரியைக் கூப்பிடுகிறேன் என்ற தங்கையிடம், "கிலோமீட்டர் கணக்குல பெல்ட் அளக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு கூரையா?" என்று நானேதான் வீரம் பேசி வைத்திருந்தேன்.

நான் போனபோது அவள் வயலுக்குப் போயிருந்தாள். ஏணி சாத்தியிருந்தது. ஏறினேன். கால் வைத்த இடத்தில் ஓடு நொறுங்கியது. நகர்ந்தேன், அங்கேயும் நொறுங்கியது. ஒழுகுகிற கூரையை இன்னும் நன்றாக ஒழுகும்படி செய்துகொண்டே ஒருவழியாக முகட்டைப் பிடித்தேன். முகட்டிலிருந்து கீழ்நுனிவரை பதினாறு அடி. பக்கத்தில் யாரோ நின்று குறித்துக்கொள்வதுபோல அதைச் சத்தமாக வேறு சொன்னேன்.

கீழே பார்த்தால் தெருவே நிற்கிறது.

"யாருங்க உங்கள அனுப்பிச்சது?" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். "சொல்லாம கொள்ளாம வூட்டு மேல ஏறி அளந்துகினு இருக்கீங்க?"

பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளைச் சட்டையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சுரங்கத்துக்கு இந்த ஊரையும் எடுப்பார்கள் என்பது அங்கே ஓயாத பேச்சு. ஹெல்மெட்டும் டேப்புமாக ஒருவன் கூரைமேல் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பச்சைக் குழந்தைக்கும் தெரிகிற இந்த விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. என்னைத் திருடன் என்று நினைக்கிறார்கள், நம் மரியாதையை எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றியது.

"பயப்படாதீங்க, நான் மைன்ஸ்ல பர்மனென்ட்" என்றேன்.

டவுன்ஷிப்பில் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பெண் கொடுப்பார்கள், கல்யாண வீட்டில் முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். இங்கே ஏணியை எடுத்துவிட்டார்கள்.

வெயிலில் முகட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி எங்காவது ஒளித்துவிடலாமா என்று பார்த்தேன். கூரைமேல் எங்கே ஒளிப்பது? நல்லவேளை, யாரோ போய்ச் சொல்லித் தங்கை ஓடி வந்தாள்.

"ஐயோ, அது எங்க அண்ணங்க. ஷீட்டுக்கு அளவெடுக்க வந்திருக்கு. வெவரம் பத்தாது, கோச்சுக்காதீங்க."

அந்த நற்சான்றிதழை வைத்துத்தான் என்னை இறக்கினார்கள். பெரியவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். "சட்டையப் பாத்து பயந்துட்டோம்ங்க" என்றார். நானும் அசடு வழியச் சிரித்தேன்.

போன மானத்தைக் கொஞ்சமாவது மீட்க வேண்டும் அல்லவா? மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி பேசினேன். "மாப்ள, பதினாறு அடியும் ஒரே நீளமா வெட்டச் சொல்லுங்க. நடுவுல ஒட்டே வரக் கூடாது. ஒட்டு வந்தா அங்கதான் ஒழுகும்."

தங்கை என் கையைப் பிடித்தாள். "வேணாண்ணா. ரெண்டு துண்டா வெட்டச் சொல்லு."

"ஒழுகும்மா."

"ஒழுகினா பாத்திரம் வச்சிக்கறேன். ஒரே நீளமா இருந்தா சின்ன வண்டியில ஏறாது. வூட்ட எடுத்துட்டாங்கன்னா ஷீட்டயாவது கழட்டி எடுத்துக்கினு போவணும்ல?"

குழம்புக்குப் புளி போதுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். இன்னும் போடாத கூரையை அவள் அதற்குள் பிரித்து வண்டியில் ஏற்றியும் பார்த்திருக்கிறாள். என் சம்பளம் வருவது அந்தச் சுரங்கத்திலிருந்துதான். அதை நினைத்ததும் அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மாப்பிள்ளை போனில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டு துண்டா வெட்டச் சொல்லுங்க மாப்ள" என்றேன். "ஒட்டுக்கு ஒரு அடி சேத்துக்கச் சொல்லுங்க."

சரி என்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை.