குனிந்ததற்கே ஓடிய நாய்

போன வருடம் வைகாசி மாதம், ஒரு பின்னேரம். சண்டிலிப்பாயிலிருந்து மானிப்பாய்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் என் பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சேட்டு, ஒரு போர்வை. யாரும் என்னைத் துரத்தவில்லை. கூலியிலும் குறை இல்லை. ஒரு நாயின் முகத்தை இன்னொரு தடவை பார்க்கத் துணிவில்லை என்பதால்தான் புறப்பட்டேன்.

நான் ஓரிடத்தில் தங்குகிற ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. குருநகரில் வலை இழுத்திருக்கிறேன், அச்சுவேலியில் அச்சில் சீமெந்துக் கல் அரிந்திருக்கிறேன், லொறியில் மூட்டை ஏற்றியிருக்கிறேன். வேலை உள்ளவரை இருப்பேன், பிறகு அடுத்த ஊர். அந்த வருடம் ஒரு வெங்காயத் தோட்டத்தில் வேலை. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட இளைய ஒரு பெண். கணவர் கட்டாரில். வீட்டில் மாமியாரும் அவரும் மட்டும். நான் அவரைத் தங்கச்சி என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். தோட்டத்து மோட்டர் அறையில் படுத்துக்கொள்வேன்.

அந்த வீட்டில் ஒரு பெட்டை நாய் இருந்தது. எங்கள் செம்மண்ணின் நிறம். மழைக்காலத்தில் வாய்க்காலில் கிடந்ததைத் தங்கச்சி தூக்கி வந்திருந்தார். ஆள் பார்த்தால் சாப்பிடாது. குரைக்காது. யாராவது வந்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிடும். குரைக்காத நாய்க்கு ஏன் சோறு, சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவிட்டு வாருங்கள் என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். விடியமுன்னம் தனியாகத் தண்ணீர் இறைக்கப் போகிற தனக்கு இது துணையாக வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று தங்கச்சி கேட்டிருந்தார். கோயில் திருவிழா முடியும்வரை பொறுக்க மாமியார் சம்மதித்தார்.

தங்கச்சி போனில் வீடியோக்கள் பார்த்து நாயைப் பழக்கினார். தூரத்து வேலியடியில் நின்று ஒரு தகரப் பேணியை நகத்தால் மெல்லத் தட்டுவது என் வேலை. தட்டியதும் அவர் நாய்க்கு ஒரு துண்டு பாண் கொடுப்பார். நாயின் காது பின்னால் மடங்காவிட்டால் அடுத்த நாள் ஓரடி கிட்ட வந்து, கொஞ்சம் பலமாகத் தட்டுவேன். மடங்கினால் திரும்பவும் தூரம். திருவிழா வெடிக்குத்தான் இந்த ஆயத்தம். மீன் விற்கிறவரிடமும் நாயைப் பார்க்காமல் சைக்கிளில் போகச் சொல்லி வைத்திருந்தார். பாக்காமல் போறதுக்கும் கூலி தருவியளோ என்று அவர் கேட்டார். ஆனால் சொன்னபடி போனார்.

எனக்கு அவர் சொன்ன முதல் விஷயம் வேறு.

"அண்ணை, அதுக்கு முன்னாலை மட்டும் குனியாதேங்கோ."

எங்கள் ஊரில் இது யாருக்கும் விளங்கும். தெருநாய் குரைத்தால் குனிவோம். கல் இருக்கவேண்டியதில்லை, குனிந்தாலே நாய் ஓடிவிடும். நடக்கப் பழகிய நாளிலிருந்து எங்கள் கைக்குத் தெரிந்த வேலை அது. அந்த நாய் எத்தனை குனிவைக் கண்டிருந்ததோ தெரியாது.

முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் அது என் உள்ளங்கையிலிருந்து பாண் துண்டை எடுத்தது. ஈரமான மூக்கு கையில் பட்டது. அதன் பிறகு நான் சிரிக்கவில்லை. பேணிச் சத்தம் கேட்டால் அதுவாகவே ஓடி வந்தது. கேற்றைத் தாண்டி என்னோடு ஒழுங்கை முடக்குவரை நடந்தது. என்னை நம்பி ஒரு உயிர் பின்னால் வருவது எனக்குப் புதிது. அதில் எனக்குத் தலைக்கனம் பிடித்தது.

திருவிழா நாளில் தங்கச்சி கோயிலுக்குப் போகும்போது, நாயை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் அதன் கழுத்தில் கயிற்றைப் போட்டுச் சந்திக்குக் கூட்டிப் போனேன். என் நாய் வெளியில் வராது என்று தேநீர்க்கடையில் பகிடி பண்ணிய தோட்டக்காரர்களுக்குக் காட்டவேண்டும். அவ்வளவுதான் காரணம்.

சந்திவரை அழகாக வந்தது. கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கோயில் பக்கமிருந்து சீனவெடி தொடங்கியது. நாய் நிலத்தோடு நிலமாகப் படுத்தது. அதன் மூத்திரம் என் காலடியில் ஓடியது.

"அண்ணை, உது நாயோ, நனைஞ்ச ஆட்டுக்குட்டியோ? தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிலிலை போடுங்கோ."

தோட்டக்காரர்களில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கயிற்றை இழுத்தேன், எழும்பவில்லை. இன்னும் இழுத்தேன். அப்போது நான் குனிந்தேன். கை நிலத்தைத் தடவியது. கல் அகப்பட்டதா என்றுகூட ஞாபகமில்லை. எறியவில்லை. ஆனால் நாய் என்னைப் பார்த்தது. வெடி இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது, அது வெடிப் பக்கம் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தது. கயிற்றைப் பறித்துக்கொண்டு, ஓட்டோக்களுக்கு நடுவால் ஓடி மறைந்தது.

தேடினேன் என்று எழுத ஆசைதான். தேடவில்லை. மோட்டர் அறைக்குப் போய்ப் பையை எடுத்தேன். நெல்லியடிப் பக்கம் கல் அரிகிற இடத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். தங்கச்சி கோயிலால் வரமுன் நடக்கத் தொடங்கினேன்.

வயல்வெளி தொடங்குகிற இடத்தில் ஒரு மதகு. அதன் கீழிருந்து என் கயிற்றின் நுனி வெளியில் கிடந்தது. கிட்டப் போனேன். கயிறு உள்ளே போய்விட்டது. மெல்லக் கூப்பிட்டேன். அது இன்னும் உள்ளே போவது கேட்டது. என் குரலுக்கு அது ஒளிக்கிறது. அப்படியே நடந்திருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் இருட்டினால் அது றோட்டில் பஸ்ஸில் அடிபடும், இல்லாவிட்டால் வேறு யாராவது கல்லால் துரத்துவார்கள். தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

கோயில் சேலையோடு ஸ்கூட்டியில் வந்தார்.

"கல்லு எறிஞ்சனீங்களோ?"

"இல்லை. குனிஞ்சனான்."

"அதுக்கு ரெண்டும் ஒண்டுதான் அண்ணை."

ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என்னை றோட்டுக்கு மற்றப் பக்கம் போய், திரும்பி நிற்கச் சொன்னார். தான் மதகுக்கு முதுகு காட்டி, சேலையோடு புழுதியில் இருந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்து நகத்தால் மெல்லத் தட்டினார். பேணித் தட்டல் போலவே கேட்டது. நான் வயலைப் பார்த்தபடி நின்றேன். பொழுது படும்வரை அந்தச் சத்தம் மட்டும்தான். பிறகு தட்டல் நின்றது. தங்கச்சி அழுவது போல ஏதோ சொன்னார். நாய் மடிக்கு வந்துவிட்டது என்று விளங்கியது. நான் திரும்பவில்லை.

"ஸ்கூட்டியைக் கொண்டந்து கேற்றடியிலை விடுங்கோ. உள்ளுக்கை வரவேண்டாம் அண்ணை. உங்களைக் கண்டால் பயப்பிடும்."

அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். எஞ்சின் சத்தத்துக்கு அது மிரளக்கூடாது என்று, நான் எவ்வளவோ பின்னால் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போனேன்.

நெல்லியடிக்குப் போகவில்லை. அடுத்த நாள் காலை, அவர்களுடைய வேலிக்கு அடுத்த தோட்டத்தில் வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்க ஆள் தேவைப்பட்டது, சேர்ந்துகொண்டேன். புல்லுப் பிடுங்குவது குனிந்து செய்கிற வேலை. நான் குந்தியிருந்து, வேலிக்கு முதுகு காட்டியபடி அரக்கி அரக்கி நகர்ந்து பிடுங்கினேன். கிழவி மாதிரி இருக்கிறார் என்று பக்கத்துப் பாத்தியில் சிரித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மண்ணில் ஏதோ வந்து படுக்கிற சத்தம் கேட்டது, அது அங்கே இருந்ததா, என் ஆசையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் விழுந்த சில்லறையை எடுக்கக் குனிவதற்கு முன்னால், ஒரு நாய் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதோ என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் குனிகிறேன்.